டப்பாவில் இருந்த பூட்டு

வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அந்தத் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நேராகப் பூட்டக்காவிடம்தான் வருவார்கள். அவளும் சளைக்காமல் சொல்லுவாள். "முதல்ல குழாய் வாஷரை மாத்து. ராத்திரியெல்லாம் சொட்டுற குழாய் எந்தக் குடித்தனத்தையும் விரட்டிடும். பாத்ரூம்ல ஒரு வாளித் தண்ணிய ஊத்திட்டு, எந்தப் பக்கம் ஓடுதுன்னு நின்னு பாரு. சுவிட்ச் ஒவ்வொண்ணையும் போட்டு அணை." இப்படி எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுகிறவள், கடைசி அறிவுரையை மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லுவாள். "ஈரச் சுவத்து மேல பெயிண்ட் அடிக்காத. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாரு."

கணவர் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தக் கட்டிடம் ஒன்றுதான். கீழே முன்பக்கம் அவள் இருந்தாள். பின்பக்கம் ஒரு குடித்தனம், பக்கவாட்டில் ஒன்று, மாடியில் ஒன்று. ஆள் வைத்துச் செய்தால் கட்டுப்படியாகாது என்று சிமெண்டு பூசுவதிலிருந்து டைல்ஸ் ஒட்டுவதுவரை எல்லாவற்றையும் அவளே கற்றுக்கொண்டாள். பெயிண்ட் மட்டும் ஆகாது, மூக்கில் ஏறிவிடும். அதற்கு ஒரு பெயிண்டர் உண்டு. நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டார்.

பூட்டக்கா என்ற பட்டப்பெயர் வந்தது பூட்டால்தான். ஒரு குடித்தனம் காலி செய்தால் கதவுப் பூட்டை மாற்ற வேண்டும், அது அவளுக்குத் தெரியும். பழைய ஆள் சாவியை வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் நுழையலாம் அல்லவா? ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுப் பூட்டு வாங்க அவளுக்கு மனசு வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று கதவுகளுக்கு நான்கு பூட்டுகள். உபரிப் பூட்டு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். ஒரு வீடு காலியானால் அந்தக் கதவின் பூட்டைக் கழற்றி டப்பாவில் போடுவாள், டப்பாவில் இருந்ததை அங்கே மாட்டுவாள். அடுத்து எந்த வீடு காலியானாலும் அதே கதை. திருப்புளியும் கையுமாக அவள் படியேறினால் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டுமே, இத்தனை வருஷத்தில் ஒரு திருட்டு நடந்திருக்கிறதா என்று கேட்பாள். நடந்ததில்லைதான்.

மாடியில் இப்போது இருப்பவள் ஒரு நர்ஸ். புருஷன் வெளியூரில் வேலை. வந்த புதிதில் வீட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடினாள். பிறகு ஒரு சாயங்காலம் கீழே வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, மதியம் மேல வந்தீங்களா?"

"நான் எதுக்கும்மா வர்றேன்?"

"சாத்திட்டுப் போன ஜன்னல் திறந்திருக்கு. உள்ள ஏதோ வாசனை வேற. எண்ணெய் மாதிரி. சமையல் எண்ணெய் இல்ல, மெஷினுக்குப் போடுவாங்களே, அது."

 காற்றில் திறந்திருக்கும் என்று பூட்டக்கா சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் அந்த வாசனை அவளுக்குத் தெரியும். நர்ஸுக்கும் அவளுக்கு முன் இருந்தவர்களுக்கும் முன்னால், மாடியில் ஒரு தையற்காரி இருந்தாள். அவளும் அவள் மகளும். மகளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் தையல் மெஷின் ஓடும் வீடு அது.

குட்டிக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு. அவள் பாய் விரிக்கும் மூலையில்தான் சுவர் ஈரமாக இருந்தது. தையற்காரி வந்து சொன்னாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. "அக்கா, சுவரு ஓதம் காக்குது. புள்ளைக்கு நெஞ்சு இழுக்குது." பூட்டக்கா பெயிண்டரை அனுப்பினாள். கறை மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி பெயிண்ட். சுவரை இடித்துப் பார்க்கத்தான் செய்திருக்க வேண்டும். இடித்தால் மறுபக்கம் பாத்ரூம் டைல்ஸ் போகும், செலவு இழுக்கும், ஊரைக் கூட்டியதுபோல் ஆகும், மழை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். மழை முடிவதற்குள் குட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தையற்காரி திரும்பி வந்தபோது தனியாக வந்தாள்.

டாக்டர் பிறவியிலேயே உள்ள கோளாறு என்றாராம். தையற்காரியும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சாவி இரண்டையும் கையில் கொடுத்துவிட்டுத் தெருக்கோடிக்கு அப்பால் ஒரு ஒண்டிக் குடித்தனத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பூட்டக்கா அந்தச் சுவரைத் தன் கையால் இடித்துப் பார்த்தாள். உள்ளே குழாய் மூட்டு கசிந்துகொண்டிருந்தது. ஒரு திருகு திருகினால் நின்றிருக்கக்கூடிய கசிவு. யாரிடமும் சொல்லவில்லை. பூசி மூடினாள்.

இப்போது அந்த மெஷின் எண்ணெய் வாசனை திரும்பி வந்திருக்கிறது என்றால் அவள் என்ன நினைப்பாள், சொல்லுங்கள்!

அடுத்து வந்தது கதவு நிலை. மாடி உள்ளறையின் நிலையில் ஓர் இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. இடுப்பு உயரத்தில், நகத்தால் கீறியதுபோல. பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, "மரம் தண்ணி குடிச்சிருக்கு அக்கா, மனுஷன் மாதிரிதான் அதுவும்" என்று தத்துவம் பேசி அடித்துவிட்டுப் போனார். சில நாளில் அதே இடத்தில் மறுபடி உரிந்தது. இந்தத் தடவை பூட்டக்கா குனிந்து பார்த்தாள். பெயிண்டுக்கு அடியில் ஒரு பென்சில் கோடு. அதற்கு மேலே ஒன்று, இன்னும் மேலே ஒன்று. குட்டியை நிறுத்தி உயரம் பார்த்துப் போட்ட கோடுகள். அவள்தான் குடித்தனம் மாறியதும் பெயிண்ட் அடிக்கச் சொல்லி மறைத்திருந்தாள். 

நர்ஸ் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "திருடனா இருந்தா எதையாவது எடுக்கணும்ல? ஒரு ஊசி கூடக் காணாமப் போகல. எனக்குப் பயமா இருக்குக்கா. நான் வேற வீடு பாக்குறேன்."

நர்ஸ் போனால் வேறு ஆள் வரும். அதுவா பூட்டக்காவின் கவலை? சாவி கைக்கு வந்தாயிற்று, பூட்டு மாற்றியாயிற்று, யாரும் நுழைய வழியில்லை. அப்படியென்றால் வருவது யார்? எதற்கு வருகிறாள்? அந்தச் சுவரைப் பற்றித் தன்னிடம் கேட்கத்தான் குட்டி வருகிறாள் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. தூக்கம் போயிற்று. கீழே உட்கார்ந்து பயந்து சாவதைவிட, மேலே போய் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போறப்ப என்னை உள்ள வெச்சு வெளியே பூட்டிட்டுப் போ" என்றாள் நர்ஸிடம்.

"ஐயோ, தனியாவா? உங்களுக்கு என்னாச்சுக்கா?"

"பூட்டிட்டுப் போன்னா போயேன்."

மறுநாள் உள்ளறையில், பழைய ஈர மூலைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வெயில் ஜன்னலுக்கு வந்து, சுவருக்கு நகர்ந்தது. கீழே யாரோ துணி துவைக்கும் சத்தம். சும்மா பைத்தியக்காரத்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்கே சிரிப்பு வந்த நேரத்தில், வெளிப்படியில் மெதுவாகக் காலடி கேட்டது. காலடி கதவருகில் நின்றது. பூட்டுக்குள் சாவி நுழைந்தது. திரும்பியது.

எழுந்திருக்க முடியவில்லை.  எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது, அது தன் குரல் என்பதே அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"குட்டியா?"

உள்ளே வந்தவள் தையற்காரி. கையில் தைத்த துணிப் பை. கழுத்தில் அளவெடுக்கும் டேப். அப்படியே நின்றாள். ஓடவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை.

"நீங்களும் அவளத்தான் எதிர்பார்த்தீங்களாக்கா?" என்றாள்.

அவள் கையில் ஒரு சாவி இருந்தது, நிறம் மங்கிய ரிப்பனில் கோத்தது. ஸ்கூல் விட்டுத் தனியாக வரும் பிள்ளைக்கென்று தனியாக வெட்டி, கழுத்தில் மாட்டிவிட்ட சாவி. பூட்டக்காவின் கணக்கில் வராத மூன்றாவது சாவி.

"இந்தத் தெருவுக்குத் துணி குடுக்க வரும்போதெல்லாம் மேல ஏறி ஒரு தடவை போட்டுப் பாப்பேன். திறக்காதுன்னு தெரியும். போட்டுப் பாத்துட்டுப் போயிருவேன். அவ்வளவுதான்." தையற்காரி தரையில் உட்கார்ந்தாள். "அன்னைக்குத் திறந்துச்சுக்கா. சத்தியமா சொல்றேன், கதவு திறந்துச்சு. அவதான் உள்ளேருந்து திறந்துவிட்டான்னு நினைச்சேன். ஜன்னலைத் திறந்துட்டு, நிலையில அவ உயரக் கோட்டை நகத்தால சுரண்டிப் பாத்துட்டு, ஒரு ஓரமா உக்காந்திருப்பேன். அவளுக்குக் காத்து வேணும்ல?"

பூட்டக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தக் கதவிலிருந்து கழற்றி டப்பாவில் போட்ட பூட்டு, பின்வீட்டுக்குப் போய், பக்கவாட்டு வீட்டுக்குப் போய், டப்பாவுக்குத் திரும்பி, நர்ஸ் வந்தபோது தன் சொந்தக் கதவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. மாட்டியது அவள் கைதான். சொல்லாமலே விட்டுவிடலாம். ஆனால் நர்ஸ் பயந்துகொண்டிருக்கிறாள். ஒரு பொய்யை ஏற்கெனவே பூசி மூடியாயிற்று, இன்னொன்றா?

"நான்தான்மா" என்றாள். "பூட்டை மாத்தி மாத்திப் போடுவேன்ல, உன் பழைய பூட்டு சுத்திச் சுத்தி இங்கயே வந்திருச்சு."

தையற்காரி ரிப்பனை விரலில் சுற்றினாள்.

"அப்ப அவ திறக்கலையா?"

பூட்டக்கா அழுதுவிட்டாள். அழுகையோடு அந்த இன்னொன்றும் தொண்டைக்கு வந்தது. "அந்தச் சுவரு இருக்குல்ல... நீ போனப்புறம் நான் இடிச்சு..."

"வேணாம்க்கா." தையற்காரி சட்டென்று கையைத் தூக்கினாள். "சொல்லாதீங்க. சொல்லிட்டீங்கன்னா நான் உங்களை வெறுக்கணும். அப்புறம் இந்தப் படி ஏற முடியாது. அவ இருந்த வீடு இது ஒண்ணுதான்."



அன்று சாயங்காலமே பூட்டக்கா கடைக்குப் போய், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புத்தம் புதுப் பூட்டு வாங்கிவந்து மாடியில் மாட்டினாள். நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் வீடு பார்ப்பதை விட்டுவிட்டாள். அந்தக் கதவு நிலைக்கு இனி யாரும் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்றும், தையற்காரி வந்தால் தான் இருக்கும்போது மேலே வரட்டும் என்றும் அவளே சொன்னாள். கழற்றிய பழைய பூட்டு டப்பாவுக்குப் போகவில்லை. பூட்டக்கா அதைத் தன் வீட்டு முன்கதவில் மாட்டினாள். "உன் சாவி இனிமே கீழ்வீட்டைத் திறக்கும்" என்று தையற்காரிக்குச் சொல்லி அனுப்பினாள். உங்களுக்கென்ன பைத்தியமா, ஊராருக்கெல்லாம் வீட்டைத் திறந்துவிடுகிறீர்களே என்று பெயிண்டர் கேட்டார். 

தையற்காரி வருகிறாள். தட்டுவதில்லை. பூட்டில் சாவி திரும்பும்போதெல்லாம் பூட்டக்காவுக்கு முதலில் தோன்றுவது குட்டி என்றுதான். சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்து நிற்கும். தையற்காரி உள்ளே வந்ததும் பையை வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னாலிருக்கும் சுவரில் உள்ளங்கையைப் பதித்துப் பார்ப்பாள். பிறகுதான் உட்காருவாள்.

"காஞ்சுதான் இருக்கு" என்பாள்.