தொள்ளாயிரம் காட்டிய ரௌட்டர்

1. காலை பத்து மணி போன்

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்குக் காலையிலேர்ந்து ரெண்டு தடவ லைன் போயிடுச்சு.”

தெம்பனிஸிலிருந்து ஜைனம்பு அக்கா பேசினார். நான் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்கள் கான்ட்ராக்டரின் ஸ்டோரில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவர் வீட்டில் வைஃபை போட்டுக் கொடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஸ்பீட் டெஸ்ட் தொள்ளாயிரம் எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டிய வீடு அது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அந்தப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். நம்பர் பெரிதாக இருந்தால் சூப்பர்வைசர் குணா அண்ணன் கட்டைவிரல் காட்டுவார். சிறிதாக இருந்தால் போன் அடிப்பார். அதனால் எல்லோரும் ரௌட்டருக்கு ஒரு முழத்துக்குள் நின்றுதான் டெஸ்ட் எடுப்போம். நான் அதற்கும் ஒரு படி மேலே போவேன். செட்டிங்ஸ் பக்கத்தில் வேகம் தருவதாகச் சொல்லும் சுவிட்ச் எது இருந்தாலும் தட்டி விடுவேன். 160 மெகாஹெர்ட்ஸ் அகலம், இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் சேர்ப்பது, கேம் மோட் என்று ஒன்றையும் விட மாட்டேன். குரூப்பில் எனக்குத் ‘தொள்ளாயிரம் செல்வம்’ என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2. அக்காவின் வேலை

அக்கா இருபது வருடம் ஒரு துணிக்கடையில் நின்றே வேலை பார்த்தவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நிற்க முடியவில்லை. கைத்தடி இல்லாமல் நடக்கவும் முடியாது. ஒரு கிளினிக்கில் போன் எடுத்து அப்பாயிண்ட்மெண்ட் கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் செய்யலாம் என்று கிடைத்தது. மூன்று மாதம் ப்ரொபேஷன். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் அது அவர் பெயரில் விழும். முதல் வாரத்திலேயே கிளினிக் சூப்பர்வைசர் ஒரு முறை எச்சரித்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இந்த வயசுல இன்னொருத்தர் எனக்கு வேலை குடுக்க மாட்டாங்க தம்பி. இது நிக்கணும்.”

கேபிள் இழுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். இணைய லைன் வீட்டுக்குள் வரும் ஃபைபர் பாயிண்ட் வாசல் பக்கம், அவர் உட்காரும் அறை கடைசியில். தரையில் கேபிள் போனால் கைத்தடி தட்டும் என்று பயந்தார். சுவரில் ஓட்டை போட அவர் கணவர் சம்மதிக்கவில்லை. ஆக, வைஃபைதான் கதி.

இரண்டாம் தடவை போனபோது பழியைப் பக்கத்து வீட்டு ரௌட்டர் மேல் போட்டேன். கூடவே QoS என்ற முன்னுரிமை வசதியையும் தட்டி, அவர் லேப்டாப்பை முதல் இடத்தில் வைத்தேன். அறுந்துபோகிற லைனுக்கு முன்னுரிமை கொடுத்து என்ன பயன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திரும்பவும் டெஸ்ட் எடுத்தேன், திரும்பவும் தொள்ளாயிரம். “இனிமே ராக்கெட் மாதிரி போகும்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் என் காதைத் திருகிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

3. காலண்டர்

லைன் மறுபடியும் அறுந்ததால் மூன்றாம் தடவை போனேன். அவர் என் மேல் கம்பெனிக்குப் புகார் போட்டிருப்பார் என்று நினைத்தேன். போட்டிருந்தாலும் தப்பில்லை. அவரோ டீயை முன்னால் வைத்து, சுவரிலிருந்து மாதக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். லைன் அறுந்த ஒவ்வொரு தடவையும் மணியும் நிமிடமும் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்தன. உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று எழுதி வைத்தேன் என்றார்.

அந்தக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரௌட்டரின் லாக்கைத் திறந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று ரௌட்டர் தானே எழுதி வைக்கும் பக்கம் அது. அத்தனை வருட வேலையில் நான் அதை ஒழுங்காகப் படித்ததே இல்லை. 10.42க்கு அக்கா ஒன்று குறித்திருந்தார். லாக்கில் 10.42க்கு, ரேடார் கண்டேன், சேனலை விட்டு விலகுகிறேன் என்று ஒரு வரி. 2.15க்கும் அதே வரி. ஒன்றுவிடாமல் எல்லாம் பொருந்தின.

விஷயம் இதுதான். 160 என்பது எட்டு லேன் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு லேன் ரேடாருக்குச் சொந்தம். ரேடார் சத்தம் கேட்டால் ரௌட்டர் உடனே ஒதுங்க வேண்டும், அது விதி. ஒதுங்கி வேறு இடம் பிடிக்கிற வரைக்கும் வைஃபை ஊமை. தெம்பனிஸுக்குக் கிழக்கே விமான நிலையம். அவர் வீட்டு ஜன்னலிலேயே விமானம் தாழ்ந்து போவது தெரியும். மூன்று தடவை அந்த ஜன்னல் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவன் நான்.

160ஐ 80 ஆக்கினேன். ரேடாருக்குச் சம்பந்தமில்லாத 36ஆம் சேனலில் நிறுத்தினேன். கேம் மோடை அணைத்தேன். டெஸ்ட் எடுத்தால் ஐந்நூற்றுச் சொச்சம். பாதியாகிவிட்டதே என்று நான்தான் வருத்தப்பட்டேன். அக்கா படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

“நம்பர வச்சு நான் என்ன தம்பி பண்ணப் போறேன்? ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லும்போது லைன் இருந்தா போதும்.”

படத்தைக் குரூப்பில் போட்டதும் குணா அண்ணன் போன் அடித்தார். “என்ன லா செல்வம், 500 தானா? ரௌட்டர் போயிடுச்சா?” இல்லண்ணே, நான்தான் குறைச்சேன் என்றேன். அவர் நம்பவில்லை. காலண்டரையும் லாக்கையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, ஏர்போர்ட் பக்கத்து வீடுகளின் பட்டியலை எடு, நாளையிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கலாம் என்று எழுதினார். பட்டியலில் பாதி நான் போட்டுக் கொடுத்த வீடுகள்.

4. ஐந்து நட்சத்திரம்

ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமான அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். பிரியாணி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவும் செய்தார். அதோடு நில்லாமல் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரமும் போட்டார். குணா அண்ணன் அதைப் படித்துவிட்டு, இது திட்டா பாராட்டா என்று என்னையே கேட்டார். அக்கா ஆங்கிலத்தில் எழுதியிருந்த இரண்டு வரியின் அர்த்தம் இவ்வளவுதான்: செல்வம் மூன்று முறை வந்தார், கடைசியில் என் வைஃபை வேகத்தைப் பாதியாகக் குறைத்தார், அவருக்கு மிக்க நன்றி.

நன்றி சொல்ல வேண்டியவன் நான். இரண்டு தடவை ஏமாந்த பிறகும் என்னை விரட்டாமல், என் வேலையில் பாதியை அவரே காலண்டரில் செய்து வைத்திருந்தார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், இங்கே எது அறுந்தால் உங்களுக்குக் கஷ்டம் என்று கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் எந்த சுவிட்சைத் தொடுவது என்று முடிவு செய்கிறேன். டெஸ்ட்டையும் ரௌட்டர் பக்கத்தில் எடுப்பதில்லை. அவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுக்கிறேன்.