இருபத்திரண்டாவது இலை

எங்கள் ஊர் கிரிக்கெட் கிளப்பின் வெள்ளி விழா மலர் போன வாரம் வீட்டுக்கு வந்தது. வழவழப்பான காகிதம். அட்டையில் தலைவர் பஞ்சாட்சரத்தின் படம், கழுத்தில் ஆள் உயர மாலை. எட்டாம் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்: 'நம் கிளப்பில் சாதி மதம் என்ற பேச்சே கிடையாது. ஆண்டுதோறும் நடக்கும் சிநேக ஆட்டத்தன்று இரண்டு அணியும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது இருபத்தைந்து ஆண்டு மரபு.' படித்ததும் மலரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சொக்கம்மாள் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து, "இன்னாத்துக்கு இப்ப புஸ்தகத்த போட்டு அடிக்கிற? அது இன்னா பண்ணுச்சி உன்ன?" என்றாள். என் மனைவிக்கு என் கோபம் பழக்கம். ஆனால் இந்தக் கோபத்துக்கு ஏழு வருஷ வயசு என்று அவளுக்குத் தெரியாது.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அதை அச்சடித்துக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும். மலரில் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு ரன் எடுத்தவன் இருக்கிறான், ஒரு ரன்னும் எடுக்காதவன் இருக்கிறான். பிட்ச்மேல் விரிக்கிற தேங்காய் நார்ப் பாய், எங்கள் வாயில் 'மேட்டு', மெட்ராஸிலிருந்து லாரியில் வந்த கதைக்கு அரைப் பக்கம். அந்த மேட்டை வருஷா வருஷம் விரித்தவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அதை நான் எழுதுகிறேன். என் பெயர் கன்னியப்பன், ஆரம்பப் பள்ளி வாத்தியார். கண் பார்வை மட்டு என்பதால் மட்டை பிடிக்க லாயக்கில்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்கள். எனவே யார் என்ன செய்தார்கள் என்பது என்னிடம் இருக்கிறது, மையில்.

அவன் பெயர் அருள்தாஸ். காலனி சாமுவேலின் மகன். மிஷன் விடுதியில் எட்டாவது வரை படித்தான். அங்கேதான் பந்து போடக் கற்றுக்கொண்டான். அப்பா செத்ததும் படிப்பு நின்றது. ஊருக்கு வந்து பஞ்சாட்சரத்தின் கழனியில் கூலிக்குச் சேர்ந்தான். ஆறடி உயரம். ஊருக்குள் நடக்கும்போது அந்த உயரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கொஞ்சம் குனிந்தே நடப்பான். பந்தோடு ஓடிவரும்போது மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும்.

உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில் எங்கள் ஊர். சித்திரையில் ஏரி வற்றிய பிறகு அதன் உள்வாய்தான் எங்களுக்கு மைதானம். வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அருள்தாஸ் ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவான். வெடிப்பில் களிமண்ணைக் கரைத்து ஊற்றி, களத்துக் கல் உருளையை இழுத்து, சாணி மெழுகி, மறுபடி உருட்டி, அதன்மேல் மேட்டை விரித்துப் பதினாறு ஆணி அடிப்பான். மேட்டு மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நிற்கவேண்டும். அந்த விறைப்பு அவன் கைக்கு மட்டும்தான் வரும். வேலை எல்லாம் கழனியில் பொழுது போனபின், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. வேதக்கோயிலுக்கு வராமல் மேட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அவன் மனைவி மங்கம்மா வைவாள். கேட்டுக்கொண்டே சிரிப்பான்.

பயிற்சியில் எங்கள் பையன்களுக்குப் பந்து போடுவதும் அவன்தான். வேகமாகப் போடக்கூடாது என்று உத்தரவு. பஞ்சாட்சரத்தின் மகன் சேட்டுதான் எங்கள் கேப்டன், முதல் ஆட்டக்காரன். ஒருநாள் பந்து ஒன்று அவன் காதோரம் போய்விட்டது. அன்றைக்கே பஞ்சாட்சரம் சொல்லிவிட்டார்: "டேய் அருளு, சின்னவருக்குப் பாத்து போடு. மூஞ்சி கீஞ்சி போச்சின்னா நாளைக்கு எவன் பொண்ணு தருவான்?" அதிலிருந்து சேட்டுக்கு வந்ததெல்லாம் கும்பிட்டு வரும் பந்து. அதை அடித்து அடித்து அவனும் தன்னைப் பெரிய ஆட்டக்காரன் என்று நம்பிவிட்டான்.

எட்டு வருஷம் அருள்தாஸ் பன்னிரண்டாவது ஆள். பதினோரு பேரில் ஒருவனாக ஒருநாளும் இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். பதினோரு பேரில் இருந்தால் பந்தியில் உட்காரவேண்டும். பந்தி பஞ்சாட்சரத்தின் வீட்டுக் கூடத்தில். ஆகவே ஒரு வழக்கம் உண்டாக்கினார்கள்: சாப்பாட்டு வேளையில் மேட்டுக்குக் காவல் வேண்டும், காவல் பன்னிரண்டாவது ஆளின் பொறுப்பு. நடு ஏரியில், உச்சி வெயிலில், ஆணி அடித்த மேட்டை எந்தத் திருடன் தூக்கிக்கொண்டு போவான்? அவனுக்குச் சோறு இலையில் கட்டி ஏரிக்கு வரும். நாலு பேர் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குச் சற்று முன்னால் வரும்.

பன்னிரண்டாவது ஆள் பந்து போடக்கூடாது, மட்டை பிடிக்கக்கூடாது. யாராவது களைத்து வெளியே போனால் அவருக்குப் பதில் நின்று பந்து பொறுக்கலாம். சேட்டு பத்து ஓவருக்கு ஒருமுறை மோர் குடிக்கப் போவான், அருள்தாஸ் நிற்பான். அப்படி நின்றே எட்டு வருஷத்தில் பதினாலு கேட்ச் பிடித்தான். பதிலாள் பிடித்தால் ஸ்கோர் நோட்டில் பேர் எழுதுவதில்லை, 'சப்' என்று போட்டால் போதும். பதினாலு முறை 'சப்' என்று எழுதினேன். கையெழுத்து அழகாகத்தான் இருக்கும், போய்ப் பாருங்கள்.

ஒன்பதாவது வருஷம், எண்பத்திரண்டு. காஞ்சிபுரத்து பேங்க் டீம்தான் வழக்கம்போல் வந்தது. வேன் வந்து நின்றபோது பத்துப் பேர்தான் இறங்கினார்கள். ஒருவருக்கு வழியில் சாப்பிட்ட நாஷ்டா ஒத்துக்கொள்ளாமல் வாலாஜாபாத்திலேயே இறங்கிவிட்டாராம். சிநேக ஆட்டத்தில் ஆள் குறைந்தால் உள்ளூரிலிருந்து ஒருவரைக் கொடுப்பது வழக்கம். அவர்கள் கேப்டன் தாமோதரன், கண்ணாடி போட்ட சாது மனுஷன், தயங்கிக்கொண்டே கேட்டார்.

பஞ்சாட்சரம் யோசிக்கவே இல்லை. "நம்ம அருள எட்த்துக்குங்க சார். இன்னா சொன்னாலும் செய்வான்" என்றார். கடப்பாரை இரவல் கொடுப்பதுபோல் கொடுத்தார். இரவல் போனவன் பன்னிரண்டாவது ஆள் இல்லை, பதினோரு பேரில் ஒருவன் என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. எட்டு வருஷமாக அவனைப் பன்னிரண்டாவது ஆளாகவே பார்த்த கண் அது. எங்களில் ஒருத்தருக்கும் ஏறவில்லை, எனக்கும்தான்.

நாங்கள் முதலில் ஆடினோம். இரண்டாவது ஓவருக்குத் தாமோதரன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே, "போடுவியாப்பா?" என்றார். "போடுவேன் சார்" என்றான். அவ்வளவுதான். அவன் பின்னால் நடந்து போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். சேட்டு மட்டையைச் சுழற்றிக்கொண்டு, "இன்னாடா அருளு, ஊருக்கே போறியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

அவன் ஓடிவந்தான். நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. சேட்டு மட்டையை இறக்கவே இல்லை. அடுத்த பந்தில் இன்னொருவன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போவதும் கையை உதறிக்கொண்டு வருவதுமாக இருந்தார்கள். பச்சமுத்து திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பேஜாரு வாத்தியாரே. பந்தே தெரில. இம்மா நாளு இத்த எங்க ஒளிச்சி வெச்சினு இருந்தான்?" என்றான். நாற்பத்தேழு ரன்னுக்கு எல்லோரும் காலி. அருள்தாஸுக்கு எட்டு விக்கெட். எட்டு முறை 'பவுல்ட் அருள்தாஸ்', 'பவுல்ட் அருள்தாஸ்' என்று எழுதினேன். அவன் பேரை அந்த நோட்டில் எழுதியது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஏரிக்கரையில் காலனிச் சனம் நின்று விசில் அடித்தது. எனக்கே உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, வெளியே காட்டவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லோரும் கிளம்பினோம். தாமோதரன் அருள்தாஸின் தோளில் கை போட்டு நடந்துவந்தார். பஞ்சாட்சரம் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"டேய் அருளு, நீ எங்க வர? மேட்டுக்கு யாரு காவலு?"

அருள்தாஸ் நின்றான். நிமிர்ந்துதான் நின்றான். "இன்னிக்கி நானு அவுங்க டீம்ல கீறேன் ஐயா" என்றான்.

"எந்த டீம்ல இருந்தா இன்னா? வருசா வருசம் நீதான காவலு? சோறு வரும், போ."

தாமோதரன் வாயைத் திறந்தார். திறந்தது எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரிப்பா, சீக்கிரம் வந்துடறோம்" என்று தோளிலிருந்து கையை எடுத்தார். எட்டு விக்கெட் எடுத்துக் கொடுத்தவனுக்குச் செய்த மரியாதை! அருள்தாஸ் அவர் முகத்தைப் பார்த்தான், என் முகத்தையும் பார்த்தான். நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

கூடத்தில் முதல் பந்திக்கு இருபத்திரண்டு இலை. எங்கள் பக்கம் பதினொன்று நிறைந்தது. எதிர்வரிசையில் பத்துப் பேர். கடைசி இலை வெறுமனே கிடந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்த கனகா, பஞ்சாட்சரத்தின் மகள், "இந்த எலைக்கு யாரு?" என்று கேட்டாள். கூடமே அந்த இலையைப் பார்த்தது. ஸ்கோர் எழுதுகிறவனுக்கும் அம்பயர்களுக்கும் இரண்டாம் பந்திதான் எப்போதும். பஞ்சாட்சரம் என்னைக் கை காட்டினார். "கன்னியப்பா, நீ குந்து. எலை காலியா கெடந்தா நல்லா இல்ல."

குந்தினேன்.

என்னை என்னவென்று திட்டுவது? வாத்தியார், நாலு எழுத்து படித்தவன், பிள்ளைகளுக்குத் 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று புத்தகத்தின் முதல் பக்கத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பவன். குந்தினேன், சாப்பிட்டேன். வடை மொறுமொறுவென்று நன்றாக இருந்தது, இன்னொன்று கேட்டு வாங்கினேன். பாயசம் வரும்போது பஞ்சாட்சரம் கூடத்து நடுவில் வந்து நின்று வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னார்: "நம்ம கிளப்ல பேதமே கெடையாது. ஒரே பந்தி." கை தட்டினார்கள்.

திரும்பிப் போனால் ஏரியில் மேட்டு விரித்தபடி இல்லை. சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் அருள்தாஸ் உட்கார்ந்திருந்தான். சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. ஆணிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.

"இன்னாடா இது?" என்று கத்தினார் பஞ்சாட்சரம்.

"மேட்டு பத்ரமா கீதுங்க. ஆணி பதினாறு, எண்ணிக்கோங்க. காவல் வேல முடிஞ்சிது" என்றான். பிறகு தாமோதரனைப் பார்த்து, "பத்து பேரு சாப்ட்டீங்க. பத்து பேரே ஆடிக்கோங்க சார்" என்றான். எழுந்து கரையேறிப் போனான். மங்கம்மா கரையில் நின்றிருந்தாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் சூரர்கள் மேட்டை விரிக்கப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்கியது. ஆணி அடித்த இடத்தில் மண் பெயர்ந்தது. மூன்றாவது பந்து சுருக்கத்தில் பட்டு எகிறித் தாமோதரனின் கண்ணாடியை உடைத்தது. அதோடு ஆட்டம் கலைந்தது. வேன் போனதும் பஞ்சாட்சரம் என்னிடம் வந்து, "இந்த ஆட்டமே நடக்கல. அந்தப் பக்கத்த கிழிச்சிடு" என்றார். கிழிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டுக் கிழிக்காமல் நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

அருள்தாஸ் அதன்பிறகு கிளப் பக்கமும் வரவில்லை, அவர் கழனிப் பக்கமும் போகவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்க்கிறான். மேட்டு விரிக்க இப்போது நாலு பேர் வருகிறார்கள். நாலு பேர் இழுத்தும் விறைப்பு இல்லை. இதோடு நிறுத்தினால் நான் ஏதோ நியாயவான் மாதிரி இருக்கும், பஞ்சாட்சரம் மலரில் இருக்கிற மாதிரி. மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அதற்கு முன் நான் அங்கே போனது ஜனத்தொகைக் கணக்கெடுக்க மட்டும்தான். அருள்தாஸ் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான்.

"எட்டு வாட்டி எம் பேரா வாத்தியாரே?" என்று சிரித்தான். "மங்கம்மா, இங்க வந்து பாரு."

மங்கம்மா வந்தாள். நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "மொத பந்திக்கு இருவத்திரண்டு எலை நாந்தான் ஐயா ஊட்டுத் தோட்டத்துல அறுத்துக் குடுத்தேன். இந்த ஆளுதான் ஏரியில குந்தினு இருந்துச்சே. அப்ப இருவத்தோரு பேருதான. மிச்ச எலையில யாரு குந்துனது?"

"நான்தான்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அருள்தாஸ் நோட்டை மூடினான். தூசியைத் துடைத்து என் மடியில் வைத்தான். வைவான் என்று நினைத்தேன், வைதிருந்தால் தேவலை.

"இன்னா சாப்பாடு போட்டாங்கோ?" என்று கேட்டான்.

கேட்ட கேள்விக்குப் பள்ளிப் பிள்ளை மாதிரி பதில் சொன்னேன். "சாம்பாரு, ரசம், உருளைக்கிழங்கு, வடை, பாயசம்."

"பாயசமா? இந்த வருசமும் உண்டா?"

"உண்டு."

"எலையில கட்டுனா ஒயுகிடும்னு எனக்கு சொல்லிக்கினு இருந்தாங்க" என்றான் அருள்தாஸ்.