கோர்ட்டில் வாங்கின வயது

ராணுவ அதிகாரியாவதற்கு வழி இருக்கிறது என்பதே எனக்கு இருபத்துமூன்று வயதுக்கு மேல்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் மிலிட்டரி என்றால் ஆள் எடுக்கிற மைதானம், மார்பளவு, ஓட்டம், அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு பரீட்சை எழுதலாம். டிகிரி முடித்து இன்னொன்று எழுதலாம். டேராடூன் ராணுவ அகாடமிக்கு வயது தாண்டினால் சென்னையிலேயே பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சிப்பாயாகச் சேர்ந்தவன்கூட உள்ளே இருந்தபடியே எழுதி மேலே வரலாம். இதையெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. செஞ்சி டுடோரியலில் நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, லீவில் வந்த ஒரு சுபேதார்தான் சொன்னார்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் சைக்கிளில் கோட்டைக்குப் போய் ராஜகிரிப் படிகளில் ஏறி இறங்கினேன். பொது அறிவுப் புத்தகம் வாங்கினேன். ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் பத்தாவது சர்டிபிகேட்டில் இருந்த பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டேன். அது பொய்த் தேதி என்று எனக்குத் தெரியும். அதுவரை அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்று நைனா என்னையும் அதே நாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். கையைத் தலைக்கு மேல் வளைத்து அந்தப் பக்கக் காதைத் தொடச் சொன்னார்களாம். எனக்குக் கை நீளம், தொட்டுவிட்டேன். நைனா எனக்கும் அக்கா வயதையே சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே தேதி போட்டால் இரட்டைப் பிள்ளை ஆகிவிடுமே என்று ஹெட்மாஸ்டர் எனக்கு மட்டும் நாலு மாதம் தள்ளிப் போட்டார். காகிதத்தில் எங்கள் அம்மா நாலு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை பெற்றவள். அந்தப் புத்திசாலித்தனத்தில் எனக்கு இருபது மாதம் கூடிப்போனது. சென்னைப் பயிற்சிக்கான வயது வரம்பை ஐந்து மாதம் தாண்டியவனாக நின்றேன். உண்மை வயதுப்படி இன்னும் பதினைந்து மாதம் இருந்தது.

தேதியைத் திருத்தக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், கேஸ் சுலபம், அந்த நாலு மாதமே சாட்சி என்றார் செஞ்சி வக்கீல். அப்பா கூண்டில் ஏறி, வயதைக் கூட்டிச் சொன்னது நான்தான் என்றால் போதும். நைனா மாட்டேன் என்றார்.

"நாலு மாசத்துல ரெண்டு புள்ளைன்னா ஊர்ல இன்னா பேசுவான்? ரெண்டு பொண்டாட்டியானு கேப்பான்."

"இல்லைல்ல? இல்லைன்னு சொல்லிட்டு வா."

"உங்கம்மாவ கோர்ட்ல இழுக்கத்தான் உன்ன படிக்க வச்சனா?"

எட்டு மாதம் அவர் அசையவில்லை. நான் பேச்சை நிறுத்தினேன். ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். கேவலம்தான், ஆனால் செய்தேன். கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தாள்.

"நானே வரேன். யார எப்ப பெத்தேன்னு எனுக்குத் தெரியாதா?"

அவளைக் கூண்டில் ஏற்றுவதைவிடத் தானே ஏறுவது மேல் என்று நைனா வந்து மனுவில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் வாய்தா, வாய்தா. மாதங்களை எண்ணி எண்ணி எனக்குத் தூக்கம் போனது. சாட்சி நாளில் அரசு வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார், உங்களுக்கு எத்தனை மனைவி என்று. கோர்ட்டே சிரித்தது. நைனா நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணுதாங்க. பொய் சொன்னது நான்தான்."

இந்த ஒரு வரிக்கு எட்டு மாதம் இழுக்காமல் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. இரக்கம் வரவில்லை.

தீர்ப்பு சாதகமாக வந்தது. இருபது மாதத்தையும் குறைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு என் உண்மை வயதே வரம்பைத் தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது.

திரும்பும்போது அவலூர்பேட்டை பஸ்ஸில் நைனா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உட்றா. எந்த கவர்மென்ட் வேலைக்குப் போனாலும் இனிமே உனுக்கு ரெண்டு வருசம் சர்வீஸ் கூட இருக்குது. லேட்டாத்தான் ரிட்டயர்டு ஆவ."

சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டேன்.