கையில் கொடுத்த புத்தகம்

நான் காதில் பூச்சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்கு நஷ்டமில்லை. இட்டுக்கட்டிச் சொல்லும் சாமர்த்தியமெல்லாம் எனக்கு என்றைக்குமே கிடையாது. பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். கார்டு, தேதி, அபராதம். இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு என் வாயில் வராது. மாணவர்கள் எனக்கு 'ஃபைன் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

எங்கள் விதிகள் எளிமையானவை. புத்தகத்தை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். நேரில் வர முடியாதவர்கள் போனில் கார்டு எண்ணைச் சொன்னால் இன்னும் இரண்டு வாரம் நீட்டித்துத் தருவோம். வேறு யாரும் அந்தப் புத்தகத்தைக் கேட்காத வரைக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். யாராவது ரிசர்வ் செய்துவிட்டால் அவ்வளவுதான். திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் நாளுக்கு நாள் அபராதம் ஏறும்.

இன்னொரு விதியும் உண்டு. புத்தகத்தை எடுத்தவர் அதை இன்னொருவர் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. கவுண்டருக்கு வந்து, கணக்கில் கழிந்து, அதன் பிறகுதான் அடுத்தவருக்குப் போக வேண்டும். 'என் ஃப்ரெண்டுகிட்ட இருக்கு மேடம்' என்று வந்து நிற்கிற பிள்ளைகளை நான் வறுத்தெடுத்துவிடுவேன்.

போனில் நீட்டிக்கிறவர்களில் ஒரு பெண் இருந்தாள். நான் இந்தக் கவுண்டருக்கு வந்த நாளிலிருந்தே அவளைக் குரலாகத்தான் தெரியும். கெடு முடிகிற அன்று, மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் கூப்பிடுவாள். எப்போதும் ஒரே புத்தகம்தான். மெல்லிய, மரியாதையான குரல்.

"இன்னும் தேவைப்படுதும்மா. நீட்டிச்சுக் குடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. பின்னால் காகிதம் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். சரக்… கொஞ்சம் இடைவெளி… சரக். என்னிடம் பேசிக்கொண்டே படிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைப்பேன். பக்கத்து மேசை அண்ணன் அவளுக்கு 'ரினியூவல் மகாராணி' என்று பட்டம் கொடுத்திருந்தார். "உங்க மகாராணி லைன்ல இருக்காங்க" என்று ரிசீவரை நீட்டுவார். சிரித்துக்கொண்டே வாங்குவேன்.

இனி என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அந்த மாதக் கடைசிக்குள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கெடுவை நீட்டி வாங்கியாகிவிட்டது, இனிமேல் தர மாட்டார்கள். தவறினால் இத்தனை வருடப் படிப்பும் குப்பைக்குப் போகும். அவளுடைய கைட் ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லி, "அதைப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் நூலகத்தில் அதற்கு ஒரே பிரதி. அது மகாராணியிடம் இருந்தது.

தங்கச்சி பெயரில் நானே ரிசர்வ் போட்டேன். கெடு நாளுக்காகக் காத்திருந்தேன்.

அன்றைக்கு விடுமுறைக் காலம். ஆறு மணிக்கே நூலகத்தை மூடிவிடுவோம். வெளியே நல்ல மழை, சாயங்காலமே இருட்டிவிட்டது. அண்ணன் சீக்கிரம் கிளம்பிப் போயிருந்தார். கீழே நான். மூன்றாவது மாடி படிப்பறையில் என் தங்கச்சி. கட்டடத்தில் வேறு ஒரு ஈ, காக்காய் கிடையாது. வாசல் கதவைப் பாதி சாத்தியும் வைத்திருந்தேன்.

ஐந்து நாற்பதுக்குப் போன் அடித்தது.

"இன்னும் தேவைப்படுதும்மா. நீட்டிச்சுக்…"

"முடியாதுங்க. வேற ஒருத்தவங்க ரிசர்வ் பண்ணிருக்காங்க."

காகிதச் சத்தம் நின்றது.

இத்தனை வருடத்தில் அது நின்று நான் கேட்டதே இல்லை.

"கேட்டுட்டாங்களா?" என்றாள். குரலில் கோபமில்லை. சந்தோஷப்படுகிற மாதிரி இருந்தது.

"ஆமா. மாசக் கடைசிக்குள்ள தீசிஸ் குடுக்கணும். நீங்க நாளைக்கே கொண்டு வரணும். இல்லன்னா ஃபைன் விழும்."

"யாராவது கேட்டாதானேம்மா நான் குடுக்க முடியும். இத்தனை நாள் யாருமே கேக்கல." கொஞ்சம் மூச்சு விட்டாள். "கவுண்டருக்கெல்லாம் என்னால வர முடியாது. யாருன்னு சொல்லுங்க. கையில குடுத்துடறேன்."

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன். ஆனால் தங்கச்சியின் முகம்தான் கண் முன்னால் வந்தது. தூங்காமல் கறுத்துப்போன கண்கள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத வாய். விதியாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

"என் தங்கச்சிதாங்க. இங்கதான் மூணாவது மாடியில, ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கா. நாளைக்கு நீங்க வந்தா அங்கயே…"

"நாளைக்கு எதுக்கு?"

லைன் துண்டிக்கப்படவில்லை. நான் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஒரு நாற்காலி நகர்கிற சத்தம்.

மழைச் சத்தம். அது வெளியிலிருந்து வந்ததா, போனுக்குள்ளிருந்து வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை…

அப்புறம் ஒரு குரல் கேட்டது. போனுக்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில்.

"யாருங்க… என்ன வேணும்?"

என் தங்கச்சியின் குரல்.

ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் கட்டடத்துக்கு மாடிப்படி ஒன்றுதான். அது என் கவுண்டருக்கு நேர் எதிரே இருக்கிறது. என் கண்ணில் படாமல் யாரும் ஏறிப் போக முடியாது.

யாரும் ஏறிப் போகவில்லை.

முதல் மாடி. என் செருப்புச் சத்தம்தான்.

இரண்டாவது மாடி. விளக்கு போட மறந்திருந்தேன்.

மேலேயிருந்து மெதுவாக…

சரக்.

"குட்டி!" என்று கத்தினேன்.

இரண்டிரண்டு படியாகத் தாண்டினேன்.

சரக்…

மூன்றாவது மாடிக் கதவைத் தள்ளினேன்.

தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். தனியாக. அவள் முன்னால் அந்தப் புத்தகம் திறந்திருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"எதுக்குக்கா அழுற? ஒரு அக்கா வந்து குடுத்துட்டுப் போனாங்க."

"எந்தப் பக்கம் போனா?"

"தெரியல. படிக்க ஆரம்பிச்சுட்டேன்."

"போன் பேசிட்டு வந்தாளா?"

"கையில போன் எதுவும் இல்லையே. புத்தகம் மட்டும்தான் இருந்துச்சு."

அலமாரிகளுக்கு நடுவே தேடினேன். கழிப்பறையைத் திறந்து பார்த்தேன். யாருமில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. அவளை இழுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் பத்திரமாகப் பொத்திக்கொண்டு வந்தாள்.

வழியில் கேட்டேன். "அவ வேற என்ன சொன்னா?"

"'நான் எத்தனையோ தடவை படிச்சுட்டேன், இனிமே நீ படி'ன்னாங்க. பாவம்க்கா… பக்கம் திருப்பித் திருப்பி அவங்க விரல் நுனியெல்லாம் தேஞ்சு மழமழன்னு இருந்துச்சு."

அடுத்து வந்த நாட்களில் அவள் அதைப் படித்துக்கொண்டே இருந்தாள். குறிப்பு எடுக்கவில்லை. எழுதவில்லை. தீசிஸ் பக்கமே போகவில்லை. தட்டை வைத்தால் ஆறிப்போகும். கூப்பிட்டால், "இரு, இந்தப் பக்கம்" என்பாள். முதலில் கோபம்தான் வந்தது எனக்கு. "இதுக்குத்தானா நாயா பேயா அலைஞ்சேன்" என்று சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்கையாவது ஒழுங்கு செய்யலாம் என்று பட்டது. புத்தகம் இன்னும் அந்தப் பெண்ணின் கார்டில்தான் இருந்தது. அதை அவள் கணக்கில் கழித்து, தங்கச்சி பெயருக்கு மாற்ற வேண்டும். உறுப்பினர் விவரத்திலிருந்த எண்ணுக்கு நூலகத்திலிருந்து கூப்பிட்டேன். வயதான ஆண் குரல் எடுத்தது. அவளுடைய அப்பாவாம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"யாரும்மா நீங்க? எதுக்கு இப்படி விளையாடறீங்க?"

"விளையாடலங்க ஐயா. உங்க பொண்ணு எடுத்த புத்தகம்…"

"என் பொண்ணு செத்து எத்தனை வருஷம் ஆச்சு."

உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவரே மெதுவாகச் சொன்னார். "அவளும் உங்க தங்கச்சி மாதிரிதான், பரீட்சை நேரம். யாரோ ஒரு அக்கா படிப்பறையில கையில குடுத்தாங்கன்னு கொண்டு வந்தா. சோறு தண்ணி இல்லாம படிச்சா. ஒரு நாள் ராத்திரி 'முடிச்சுட்டேன்ப்பா'ன்னு சொல்லிட்டுப் படுத்தா. காலையில எழுப்பினேன்… எழுந்திரிக்கல. டாக்டருங்களுக்கும் ஒண்ணும் புரியல."

"புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தீங்களா ஐயா?"

"எங்க குடுத்தேன். ஆத்திரத்துல என் கையாலேயே எரிச்சேன். சாம்பலாகுற வரைக்கும் நின்னு பாத்தேன். அப்புறம் உங்க ஆபீஸுக்கு வந்து விலையும் அபராதமும் கட்டினேன். கணக்கை முடிச்சு ரசீது கூடக் குடுத்தாங்க."

அப்படியானால் இத்தனை வருடமாக நான் எதை நீட்டித்துக்கொண்டிருந்தேன்?

அவர் குரல் திடீரென்று உயர்ந்தது.

"உங்க தங்கச்சி எவ்வளவு படிச்சிருக்காம்மா?"

போனை வைத்தேனா என்று கூட நினைவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அவள் கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி அத்தியாயம்க்கா. இதோ முடிஞ்சுடும்."

பாய்ந்து பிடுங்கினேன். விடவில்லை. அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. கடைசியில் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். பிறந்ததிலிருந்து அவள் மேல் கை வைத்ததில்லை நான். அவள் பிடி தளர்ந்தது. படிப்பு நின்ற பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துவிட்டுத் தந்தாள். பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல, "பசிக்குதுக்கா" என்றாள். இருவரும் சேர்ந்து அழுதோம்.

அந்தப் புத்தகம் இல்லாமலேயே தீசிஸை முடித்தாள். நான் போய் கைட்டின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினேன். கடைசி நாளில் கொடுத்தோம்.

எரிக்க எனக்குத் தைரியமில்லை. எரித்தால் என்ன ஆகும் என்றுதான் தெரிந்துவிட்டதே. அலமாரியில் வைத்தால் எவனோ எவளோ எடுத்துப் போவார்கள். அதனால் என் பெயரிலேயே எழுதிக்கொண்டேன். கவுண்டருக்குப் பின்னால் இரும்புப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். மகாராணி மாதிரி நீட்டித்துக்கொண்டே போக மனம் வரவில்லை. கெடு தாண்டி அபராதம் ஏறிக்கொண்டே போகிறது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். 'ஃபைன் அக்காவுக்கே ஃபைனாம்' என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் புத்தக இருப்புச் சரிபார்ப்புக்காக அதை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. திறக்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தேன்.

தங்கச்சி மடித்த மூலை நிமிர்ந்திருந்தது.

வேறொரு பக்கம் மடிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி…

பீரோவின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அன்றிரவு தூங்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி இருக்கும். கண் மூடித்தான் இருந்தது அவளுக்கு, சீரான மூச்சு. வலது கை மட்டும் போர்வைக்கு மேலே எழுந்தது. எதையோ பிடித்து, இடது பக்கமாகத் திருப்பி வைத்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்…

அதிலிருந்து தினமும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன். பிடித்திருந்தால் அசைவதில்லை. காலையில் போய்ப் பீரோவைத் திறந்து பார்ப்பேன். மடிப்பு வைத்த இடத்திலேயே இருக்கும்.

நேற்று வேலை அதிகம். நான் அசந்து தூங்கிவிட்டேன்.

இன்று காலை பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு தாள்தான் பாக்கி.