புளி போட்டுத் தேய்த்த கேன்

அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 41-பி: ஆபத்தான வேலை நடக்கும் தொழிற்சாலை, தான் புழங்கும் பொருளால் உடம்புக்கு என்ன கெடுதல் என்பதைத் தொழிலாளர்களுக்கும் ஆய்வாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். நல்ல சட்டம். அதை அமல்படுத்தும் அலுவலகத்தில்தான் நான் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றேன். ஆண்டறிக்கை வந்ததா, கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது வேறு இருக்கையின் வேலை.

என் தங்கை மல்லிகா கணவனை இழந்தபின் ஜவ்வாது மலையில் என்னோடுதான் இருந்தாள். தினமும் கம்பெனி வேனில் அடிவாரத்துக்கு இறங்கி, செருப்பின் அடிப்பாகம் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பிளாஸ்டிக் தூளில் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் திரவம்) ஊற்றிக் கலக்க வேண்டும். அங்கே அதற்குப் பெயர் வெறும் ‘எண்ணெய்’.

மாசியில் ஒரு காலை. வேனுக்குக் கிளம்பியவளின் செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. நான் கூப்பிட்டுச் சொல்லும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

“இன்னாண்ணா இது, செருப்பு ஒரு பக்கம் கீது, நான் ஒரு பக்கம் போறேன்” என்று சிரித்தாள். கெண்டைக்காலில் சில நாளாகவே வலி இருந்ததாம்.

வேலூரில் நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்னதிர்வு கொடுத்து நரம்பின் வேகத்தை அளப்பது) செய்தார்கள். மருத்துவர் சொன்னார்: “இந்த எண்ணெய்ல பல வகை இருக்குங்க. பாஸ்பேட் வகையில ஒண்ணு நரம்பையே கெடுத்துடும். சரியான பேர் தெரியணும். அதுவரைக்கும் அந்தப் பொருள் பக்கமே போகக் கூடாது.”

வேலையை நிறுத்தினோம். பெயர் கேட்டுத் தொழிற்சாலைக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் இல்லை. என் பழைய அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு எழுதினேன்.

“உன் ஆபீஸ்தானேண்ணா? நேரா போய்ட்டு, ஒரு டீ குடிச்சிட்டுக் கேட்டா சொல்ல மாட்டாங்களா?”

“முறையாகக் கேட்டால்தான் எழுத்தில் கிடைக்கும்.”

“எனுக்கு எழுத்து வாணாண்ணா. பேரு போதும்.”

உயிர் சம்பந்தப்பட்டது என்று எழுதினால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் தர வேண்டும். எழுதவில்லை. கால் வலிக்கு அப்படி எழுதுவது மிகை என்று பட்டது. முப்பது நாள் காத்திருந்து மேல்முறையீடு செய்தேன்.

பங்குனியில் அவளுக்குப் பாதம் தொங்கியது (கணுக்காலிலிருந்து தூக்க முடியாத நிலை). சித்திரையில் களி கிண்டும் துடுப்பு கையிலிருந்து நழுவியது. வேலையை விட்டபின் நோய் பரவுவது நின்றிருக்க வேண்டுமே என்று மருத்துவர் குழம்பினார். அந்தப் பொருளோடு வேறு எங்காவது தொடர்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன்.

வைகாசியில் அவளோடு வேலை செய்த தனம் பார்க்க வந்தாள். தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“அண்ணே, இது எங்க கம்பெனி கேனாச்சே. இதுல இன்னா ஊத்தி வச்சிக்கீறீங்க?”

கடலை எண்ணெய். பொங்கலிலிருந்து.

வேனில் போகும் பெண்கள் கம்பெனி ‘எண்ணெய்’ வந்த காலிக் கேன்களைக் கேட்டு வாங்கி வருவார்கள். புளியும் சாம்பலும் போட்டு, ஒட்டிய லேபிள் உரியும்வரை தேய்ப்பார்கள். லேபிளோடு வைத்திருந்தால் சுத்தம் போதாதென்று பேச்சு வரும். மல்லிகாவின் கேன் பளபளவென்று இருந்தது. பெயர் அந்த லேபிளில்தான் இருந்திருக்கும். எனக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று என் குழம்பை எண்ணெய் இல்லாமல் தனியாக வைப்பாள். அந்தக் கேனிலிருந்து சாப்பிட்டவள் அவள் மட்டுமே.

மருத்துவர் மிச்ச எண்ணெயைச் சோதிக்கச் செய்தார். அவர் சந்தேகப்பட்டது அதில் இருந்தது. “மாசியிலயே பேர் வந்திருந்தா, சமையல் எண்ணெயைத்தான் முதல்ல கேட்டிருப்பேன். இது வயித்துக்குள்ள போனாத்தான் ரொம்பப் படுத்தும்.”

போன நரம்பு வருமா என்று கேட்டேன். “கொஞ்சம் வரும். மெதுவா வரும்.”

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கால் இருந்தால், மனுவை அப்புறம் எழுதுங்கள். முதலில் அடுப்படியைப் பாருங்கள்.

மல்லிகா இப்போது காலில் பட்டை கட்டி நடக்கிறாள். பாதம் தரையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபிறகே அடுத்ததை எடுக்கிறாள். அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ‘முப்பது நாள்களுக்குள்’ என்று எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு நீளம் என்று அன்று எனக்குத் தெரியாது. முதல் நாள் தூக்க முடிந்த பாதத்தை முப்பதாம் நாள் தூக்க முடியாது. அவ்வளவு நீளம்.

கடைசியில் பதில் வந்தது. நான் ஓய்வுபெற்ற ஆண்டில் அந்தத் தொழிற்சாலை கொடுத்த அறிக்கையின் நகல். வேதிப்பொருளின் பெயர் அதில் பிழையில்லாமல் முழுதாக இருந்தது. அடியில், ‘பார்த்தேன். கோப்பில் சேர்க்க.’ பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

“இன்னாண்ணா போட்டுக்கீறாங்க?” என்றாள் மல்லிகா.

பெயரை மட்டும் படித்துக் காட்டினேன். பிறகு, பழக்கத்தில், உறையின் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஆடி ஒன்று.