ஒஷாவாக் காரில் வென்றது யார்

எங்கள் காரில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவரும் எழுதி வைத்ததில்லை, மீறவும் ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. கார் ஓடுகிறவர்தான் ரேடியோ போடுவார். மற்றவர்கள் ஹீற்றரைக் கூட்டச் சொல்லலாம், கண்ணாடியை இறக்கச் சொல்லலாம், வாயைத் திறந்துகொண்டு நித்திரையும் கொள்ளலாம். ரேடியோப் பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

நாங்கள் நாலு பேர். கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் பில்டிங் வாசலிலிருந்து விடிய முதலே வெளிக்கிட்டு, ஒஷாவாவில் காருக்குப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலைக்குப் போவோம். ஒரு கிழமை முழுக்கக் கார் அண்ணை தன் சாம்பல் நிறக் காரை எடுப்பார். அடுத்த கிழமை வான் அண்ணை தன் வானை எடுப்பார். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. தலை நரைத்த பிறகும் ஒருவரையொருவர் "டேய் மச்சான்" என்றுதான் கூப்பிடுவார்கள். பின் சீற்றில் நானும் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்ணும். அவள் கம்பியூட்டர் படித்தவள், படித்த வேலை கிடைக்கும்வரை எங்களோடு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு லைசென்ஸ் இல்லை. றோட் ரெஸ்ற்றுக்குப் போனால், பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரர் பேனையை எடுத்த உடனேயே எது பிரேக், எது மற்றது என்று கால் மறந்துபோகும். அந்த நேரத்தில் ஒஷாவாவுக்கு நேரத்தோடு கொண்டுபோய் விடுகிற பஸ்ஸும் கிடையாது. இந்த அண்ணைமார் ஏற்றினால்தான் எனக்கு வேலை. இதை முதலே சொல்லி வைக்கிறேன். பிறகு நான் செய்ததைக் கேட்டு ஒருவரும் வாயில் கை வைக்கக் கூடாது.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. தேர்தலுக்கு முதல் காருக்குள் நல்ல ஒற்றுமை. "ஆர் வந்தாலும் எங்கட சனத்துக்கு ஒண்டும் கிடையாது மச்சான்" என்று ஒருவர் சொல்ல, "அது எழுதி வைச்ச கதையடா" என்று மற்றவர் சொல்லுவார். இரண்டு பேரும் சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள். அந்த மூச்சில் கண்ணாடியெல்லாம் மங்கிப் புகார் பிடித்துவிடும். முடிவு வந்த பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. கார் அண்ணைக்குத் திடீரென்று நம்பிக்கை வந்துவிட்டது. வான் அண்ணைக்கு அந்த நம்பிக்கையைக் கண்டதும் கோபம் வந்துவிட்டது.

கார் அண்ணை கேட்பது ஒரு தமிழ் ரேடியோ. அதில் காலையில் செய்தி வாசிக்கிறவருக்கு எல்லாமே விழா. "வரலாறு காணாத" என்று தொடங்காமல் அவருக்கு ஒரு வசனமும் வராது. வான் அண்ணை ரேடியோவே கேட்கமாட்டார். போனை வான் ஸ்பீக்கரோடு இணைத்து, யூரியூப்பில் ஓர் ஆய்வாளரைப் போடுவார். "எமக்குக் கிடைத்த மிக நம்பகமான தகவலின்படி" என்பார் அந்த ஆய்வாளர். அது எங்கே கிடைத்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இரண்டு செய்திக்காரருக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தது: "நடுநிலை தவறாத". அந்தச் சொல் வந்தால் நான் சீற் பெல்ற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ஆகவே எங்களுக்குக் கிழமைக்கு ஒரு நாடு. கார் அண்ணையின் கிழமையில் இலங்கையில் மாற்றம் பிறந்துவிட்டது, சனம் தெருவில் பால்சோறு கொடுத்தது, யாழ்ப்பாணத்துக் கூட்டத்தில் நிற்க இடமில்லை. வான் அண்ணையின் கிழமையில் அதே கூட்டத்தில் வெறும் கதிரைகள்தான் இருந்தன. கதிரைகளையும் வெளி மாவட்டத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்தார்களாம். நான் அதையும் நம்பினேன், இதையும் நம்பினேன். விடியப்புறம் அரை நித்திரையில் இருக்கிற ஆளுக்கு எந்தச் செய்தியும் உண்மைதான்.

சென்னைப் பெண் வழி நெடுகக் காதில் எதையோ செருகிக்கொண்டு இருப்பாள். ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு முன்னுக்குக் குனிந்து கேட்டாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் அங்க ஓட்டு இருக்கா?"

வான் அண்ணை பின்னுக்குத் திரும்பினார்.

"வாக்கு இல்லைத்தான் பிள்ளை" என்றார் வான் அண்ணை. "ஆனா உரிமை இருக்கு."

"அப்போ இங்க ஒன்டாரியோ எலக்‌ஷன்ல யாருக்குப் போட்டீங்க?"

"அது எப்ப நடந்தது?" என்று கார் அண்ணை மெய்யாகவே கேட்டார்.

அவள் திரும்பவும் அதைக் காதில் செருகிக்கொண்டாள்.

சண்டை நடந்தது கார் அண்ணையின் கிழமையில். ரேடியோக்காரர் "வரலாறு காணாத" என்று வாய் திறந்ததும், முன் சீற்றில் இருந்த வான் அண்ணை கையை நீட்டி ரேடியோவை நிற்பாட்டிவிட்டார். நான் மூச்சை நிற்பாட்டிவிட்டேன்.

"டேய், இது என்ர கார்" என்றார் கார் அண்ணை.

"கார் உன்ரதான். காது என்ர."

"உன்ர காதை வீட்டில வைச்சிட்டு வா. மற்றவை செய்தி கேக்க வேணும்."

"செய்தியோ? உது செய்தி இல்லை, கல்யாண வீட்டு மைக். காசு வாங்கிக்கொண்டு கத்துறான்."

"உன்ரயாள் என்ன, தருமத்துக்கோ கத்துறார்? படத்தில சிவப்பு வட்டம் போட்டு அம்புக்குறி கீறுறவன்ர கதையைக் கேட்டு நீ நாட்டைப் பற்றிக் கதைக்கிறாய்!"

"பாதை மாறிப் போனவனுக்கு வட்டம் போட்டுத்தான் காட்ட வேணும்."

நல்ல வசனங்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆட்கள் கதைக்கிறதைக் கேட்டுத்தான் கொஞ்சநஞ்சம் படித்தேன். "கார் உன்ரதான், காது என்ர" என்றதைப் பெட்டி அடுக்கும்போது அன்று முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் வேலை முடிந்து வெளியே வந்தால் வான் அண்ணையைக் காணவில்லை. வேறு யாரோடோ போய்விட்டார். கார் அண்ணை சாவியைச் சுழற்றிக்கொண்டு, "அவர் போயிட்டாரோ? போகட்டும், அவருக்கு வசதி எண்டால் சரிதானே" என்றார்.

அந்த "அவர்" என்ற சொல்லைக் கேட்டுத்தான் நான் பயந்தேன். எங்கள் ஆட்கள் "டேய்" என்று திட்டும்வரை பயமில்லை. "அவர், இவர்" என்று மரியாதை தொடங்கினால் அந்த உறவு முறிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த நாள் விடிய பில்டிங் வாசலில் காரும் நிற்கிறது, வானும் நிற்கிறது. இரண்டும் புகை விட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவில் நான், சாப்பாட்டுப் பையோடு. அது கார் அண்ணையின் கிழமை என்று காரில் ஏறினேன்.

என் வாழ்க்கையில் என் வாக்குக்காக ஒருவரும் கெஞ்சியதில்லை. இப்போது நான் யாரோடு வேலைக்கு வருவேன் என்பதற்கே இரண்டு பேர் வாக்குக் கேட்டார்கள். பின்னேரம் கார் அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, இனி முன் சீற் உங்களுக்குத்தான். சீற்றுக்கு ஹீற்றர் இருக்கு, தெரியுமோ? இவ்வளவு நாளும் நான் போடேல்லை." அவர் போனை வைக்க, வான் அண்ணை எடுத்தார். "தங்கச்சி, நான் உங்களைத் தொழிற்சாலை வாசலிலயே இறக்குவன், பார்க்கிங்கில இருந்து நடக்கத் தேவையில்லை. அண்ணி உங்களுக்கு மீன் ரோல்ஸ் சுட்டுத் தந்துவிடுறா." கார் அண்ணை தந்தது தேர்தல் வாக்குறுதி, வான் அண்ணை தந்தது தேர்தல் லஞ்சம் என்று எனக்கு விளங்கியது. ரோல்ஸை வாங்கினேன். ஹீற்றரையும் விடவில்லை.

ஒருவரைத் தெரிவு செய்தால் மற்றவர் முகத்தை வேலையில் பார்க்க வேண்டும். கார் அண்ணை எங்கள் வேலை வரிசைக்குப் பொறுப்பான லீட் ஹாண்ட், யாருக்கு ஓவர்டைம் என்பது அவர் கையில். ஆனால் அவருடைய கார் பழசு, பனிக்குள் எந்த நாள் ஸ்ரார்ட் ஆகும் என்று அதற்கே தெரியாது. ஆகவே ஒரு நாள் காரில் போனேன், மற்ற நாள் வானில் போனேன். சென்னைப் பெண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை, எது முதலில் வந்ததோ அதில் ஏறிவிடுவாள்.

இப்படித்தான் நான் ஊடகம் ஆனேன்.

காரில் ஏறிக் கதவைச் சாத்த முதல் கேள்வி வரும்: "அங்கால என்ன சொல்லுறார்?" வானில் ஏறினாலும் அதே கேள்விதான். அங்கால் சொல்லப்பட்டதை நான் அப்படியே சொல்ல முடியுமா? வான் அண்ணை சொன்னது, "அவருக்கு மூளையில மாற்றம் வந்திட்டுது, நாட்டில இல்லை" என்று. அதை நான் கார் அண்ணையிடம், "உங்கட உடம்புக்கு எப்பிடியாம் எண்டு விசாரிச்சவர்" என்று மாற்றினேன். கார் அண்ணை சொன்னது, "அவர் வந்து காலில விழுந்தாலும் ஏத்தமாட்டன்" என்று. அது வானுக்குப் போய்ச் சேரும்போது, "நீங்கள் வந்தால் ஏத்தலாம் எண்ட மாதிரித்தான் கதைக்கிறார்" என்று ஆனது. முழுப் பொய் இல்லை. கொஞ்சம் வெட்டினேன், கொஞ்சம் ஒட்டினேன், தலையங்கத்தை மாற்றினேன். அந்த ஆய்வாளரும் வீட்டில் இதைத்தானே செய்கிறார்!

கொஞ்ச நாளிலேயே இரண்டு பேருடைய முகமும் மலர்ந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. நாட்டுத் தலைவர்கள் செய்யாத சமாதானத்தை ஒரு பின் சீற்றுக்காரி செய்கிறாள் என்று நினைத்தேன். இருவரும் ஏன் மலர்ந்தார்கள் என்று யோசிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

வெடித்தது சாப்பாட்டு அறையில். மைக்ரோவேவுக்கு முன்னால் கோப்பைகளோடு வரிசை. முன்னுக்குக் கார் அண்ணை, பின்னுக்கு வான் அண்ணை. சோறு சூடாகும்வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கார் அண்ணை பெரிய மனதோடு திரும்பினார்.

"சரி, சொல்லும்."

"என்னத்தைச் சொல்ல?" என்றார் வான் அண்ணை. "நீர்தான் சொல்ல வேணும்."

"நானோ? மன்னிப்புக் கேக்க வழி தெரியாமல் நிக்கிறது நீர் எண்டெல்லோ கேள்விப்பட்டன்."

"உமக்கு விசரோ? என்னை ஏத்துறத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது நீர் எண்டெல்லோ எனக்குத் தகவல்!"

"ஆர் சொன்னது?"

"உமக்கு ஆர் சொன்னது?"

மைக்ரோவேவ் பீப் என்றது. இரண்டு தலையும் ஒன்றாகத் திரும்பி மூலை மேசையைப் பார்த்தன. மூலை மேசையில் நான், அண்ணியின் ரோல்ஸ் பாதி வாய்க்குள்.

"மச்சான்," என்றார் கார் அண்ணை மெதுவாக. "இவ்வளவு நாளும் எங்களை இவவெல்லோ வைச்சு ஓட்டியிருக்கிறா."

"ஓமடா" என்றார் வான் அண்ணை. "எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை. இடையில நிண்டு கதையைத் திரிச்சதுதான் எல்லாம்."

அவ்வளவுதான். ஒரு சோற்றுக் கோப்பை சூடாகிற நேரத்துக்குள் "அவர்" போய் "மச்சான்" வந்துவிட்டது. ஜனாதிபதியும் மறந்துபோனார், வெறும் கதிரைகளும் மறந்துபோயின. ஊடகம்தான் குற்றவாளி என்பதில் இரண்டு கட்சிக்கும் முழு உடன்பாடு. அன்று பின்னேரம் காரைப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு இருவரும் ஒரே வானில், தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள். பின் சீற் முழுக்க வெறுமை. எங்களை ஏற்றவில்லை.

சென்னைப் பெண் தன் போனில் ஒரு ராக்ஸி பிடித்தாள். பாதிக் கூலியை நானும் கொடுத்தேன். வழி நெடுக என் தலைக்குள் ஒரு கேள்விதான் ஓடியது: நாளைக்கு விடிய என்ன செய்வேன்? பிந்தினால் பெயர் எழுதுவார்கள், எழுதுகிறவரும் கார் அண்ணைதான்.

"விடுங்கக்கா" என்றாள் அவள். "சின்னப் பசங்க மாதிரி இருக்காங்க ரெண்டு பேரும். இவங்களுக்கு நியூஸ் வேணாம், சண்டைதான் வேணும். சண்டை தீர்ந்துட்டா பாருங்க, ரெண்டே நாள்ல போரடிச்சுடும்."

அடுத்த நாள் விடிய, போகிற வழி தெரியாமலே சாப்பாட்டுப் பையோடு கீழே இறங்கினேன். பனி தூறிக்கொண்டிருந்தது. வான் நின்றது. வான் அண்ணை ஓடுகிற சீற்றில், கார் அண்ணை பக்கத்தில். ரேடியோ இல்லை, ஆய்வாளரும் இல்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் பின் கதவு தானாகத் திறந்தது. ஏறினேன். சென்னைப் பெண்ணுக்கு அன்று இன்ரர்வியூ, அவள் வரவில்லை.

"இனி இந்த வாகனத்துக்குள்ள ஒருத்தரும் அரசியல் கதைக்கிறேல்லை" என்று கார் அண்ணை முன் கண்ணாடிக்குச் சொன்னார். "ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது?

வான் ஸ்காபரோவைத் தாண்டியது. பிறகு கார் அண்ணை ஒருதரம் செருமினார். வான் அண்ணை பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார், அதில் என் முகம் தெரிகிற மாதிரி.

"தங்கச்சி" என்றார் கார் அண்ணை, தலையைத் திருப்பாமல். "நேற்று அந்தப் பிள்ளை எங்களைப் பற்றி ஏதும் சொன்னதோ?"

இந்த முறை ஒன்றையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் மாதிரி என்றதையும், உங்களுக்குச் செய்தி வேண்டாம் சண்டைதான் வேண்டும் என்றதையும், அவள் சொன்னபடியே, அவளுடைய சென்னைத் தமிழிலேயே சொன்னேன்.

இரண்டு அண்ணைமாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சும்மா கதை விடாதையுங்கோ தங்கச்சி" என்றார் வான் அண்ணை. "அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்லியிராது."

"நல்ல பிள்ளை அது" என்றார் கார் அண்ணை. "உது உங்கட சொந்தத் தயாரிப்பு."

நான் மறுக்கவில்லை. வான் ஒஷாவா பக்கம் போய்க்கொண்டிருந்தது, நான் அதற்குள் இருந்தேன். மடியில் சாப்பாட்டுப் பை சுடச்சுட இருந்தது.