முப்பத்து நாலு அங்குலம்

கண்ணாடிக்கு நம்பர் மாற்றப் பெரம்பலூர் போனவன் இசைக்கருவிக் கடைக்குள் ஏன் நுழைந்தேன் என்று கேட்காதீர்கள். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே ஏசி போட்ட கடை, அவ்வளவுதான். உள்ளே சுவரில் ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கிடாரின் கழுத்தில் குறுக்கே சின்னச் சின்னக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அதுதான் ஃப்ரெட். விரலைச் சற்று முன்னே பின்னே வைத்தாலும் ஸ்வரம் அந்தக் கம்பியில் சரியாக வந்து நிற்கும். ஃப்ரெட் இல்லாததில் கழுத்து மொழுமொழுவென்று இருக்கும். விரல் ஒரு நூல் தள்ளினால் ஸ்வரமும் தள்ளிவிடும். வயலின் மாதிரிதான், குரல் மட்டும் எருமைக் குரல்.

"எடுத்து வாசிச்சுப் பாருங்க சார்" என்றாள் கடையில் இருந்த பெண். வாசித்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் கொஞ்சம் ஏறியே நின்றது. "டியூனிங் போயிருக்கும் சார், இருங்க" என்று அவள் மீட்டரை வைத்துப் பார்த்தாள். டியூனிங் சுத்தமாக இருந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, சொல்லத்தான் வெட்கம். அதன் தந்தி நீளம் முப்பத்து நாலு அங்குலம். உலகத்தில் பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அதுதான் அளவு. என் விரல்களுக்கு மட்டும் முப்பத்தைந்து. இருபது வருஷமாக அந்த ஒரு அங்குலத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

புது வார்னிஷ் வாசனை கையில் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் அரியலூர் வந்து சேரும்வரை மோந்துகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

வார்னிஷ் என்றால் எனக்கு எங்கள் வீட்டுக் கூடம்தான். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அப்பா ஃபிட்டராக இருந்தார். ஒரு நாள் காலையில் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வாரிசு என்று அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு நண்பன் ஜோசப்போடு கோயில் திருவிழா மேடைகளில் இரவல் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவன், ஒரே மாதத்தில் அப்பாவின் லாக்கர், அப்பாவின் ஹெல்மெட், அப்பாவின் ஷிப்ட் என்று ஆகிப்போனேன். லாக்கரில் அவர் சீப்புகூட இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் "குடுத்து வச்சவன்" என்றார்கள். எனக்கோ சட்டைக்குள் யாரோ என்னை வைத்துத் தைத்துவிட்டமாதிரி இருந்தது. ராஜினாமா என்ற பேச்சை எடுத்தாலே அம்மா ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்.

"இது ஒங்கப்பா போட்டுட்டுப் போன சோறுய்யா. தட்டி வுட்டுறாத."

தட்டைக் கழுவிவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவேன்.

ஜோசப் ஏலாக்குறிச்சிக்காரன். கீபோர்டு வாசிப்பான். பெங்களூரு போய் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டான். அங்கிருந்து போன் போட்டான். "டேய், எங்க பேஸ் ஆளு போயிட்டான். ஃப்ரெட்லெஸ் வாசிக்கிற ஆள் வேணுங்கிறாங்க. பொங்கலுக்கு ஊருக்கு வரேன். ஒன் வாசிப்பக் கேக்குறேன், நல்லா இருந்தா கையோட கூட்டிட்டுப் போயிடுறேன்." நல்லா இருந்தால் என்பதை நான் காதிலேயே வாங்கவில்லை. கையோடு என்பதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வாங்க வக்கில்லை, அதனால் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படங்களைப் பிரிண்ட் எடுத்தேன். கொல்லையில் கிடந்த பழைய கதவு நிலையின் வேங்கைச் சட்டம் கழுத்தானது. உடம்புக்குப் பலாப் பலகை. முறுக்காணியும் தந்தியும் திருச்சியில் வாங்கினேன். தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரு காந்தச் சுருள் வேண்டும். அதைச் சுற்றித்தரப் பெரம்பலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். கிணற்று மோட்டாராகவே சுற்றிச் சுற்றிக் கை காய்த்த மனிதர். நான் கொடுத்த தீப்பெட்டி அளவுப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தன எச்பி தம்பி?"

"எச்பி இல்லீங்க பாய். பாட்டுக்கு."

"தண்ணி எறைக்காதா? அப்ப சரி, இன்ஷா அல்லாஹ் ஓடும்" என்று முடிபோல மெல்லிய கம்பியை எடுத்துச் சுற்றினார். அது இன்றுவரை ஓடுகிறது.

மார்கழி முழுக்க வீட்டுக் கூடத்தில் இழைப்பும் தேய்ப்பும்தான். சாம்பாரில் மரத்தூள் மிதந்தது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

"இது முடிஞ்சா போயிடுவியா?"

"போயிடுவேம்மா."

அடுப்பின் ஒரு பர்னரிலிருந்து இன்னொன்றுக்குத் தீயை மாற்றிக்கொண்டே கேட்டாள். புதுத் தீக்குச்சி கிழிக்க மாட்டாள். எரிந்த குச்சிகளை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்துவைத்து, அதிலொன்றைப் பற்றவைத்துத்தான் இரண்டாவது பர்னரை ஏற்றுவாள். எங்கள் வீட்டில் ஒரு தீக்குச்சிக்கு நாலைந்து பிறவி.

கடைசியாக மிஞ்சியது பிரிட்ஜ். தந்திகளின் அடிமுனை வந்து உட்காரும் இரும்புத் தகடு. அதன் பின்விளிம்பில் வரிசையாக நாலு ஸ்குரூ. அது உட்காரும் இடம்தான் தந்தியின் நீளத்தை முடிவுசெய்யும், எனவே கை நடுங்காத ஆள் வேண்டும் என்று தெருக்கோடியிலிருந்த கலியமூர்த்தி ஆசாரியைக் கூப்பிட்டேன். கதவு, ஜன்னல், கட்டில் தவிர வேறெதையும் தொடாதவர். அளவைச் சொன்னதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"முப்பத்தி நாலா? மனையடில முப்பத்தி நாலு வூட்ட வுட்டே ஓட்டுமே தம்பி. முப்பத்தஞ்சு வய்யி, லட்சுமி தங்குவா."

"அண்ணே, அது ரூமுக்கு அடிக்கணக்கு. இது அங்குலம்."

"எதா இருந்தா என்ன, கணக்கு கணக்குதான்."

டீயோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா கிளாஸை அவர் பக்கத்தில் வைத்தாள். எனக்கு ஆலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முப்பத்து நாலில் கோடு போட்டுக் காட்டிவிட்டு, "இங்கதாண்ணே" என்று சொல்லி ஓடினேன். "சரி, நீ சொன்னபடியே" என்று ஆசாரி தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது பிரிட்ஜ் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பென்சில் கோட்டை யாரோ துடைத்துச் சுத்தம் செய்திருந்தார்கள். மறுநாள் தந்தி மாட்டினேன். ஃப்ரெட் இல்லாததால், எந்த ஸ்வரம் எங்கே என்று முப்பத்து நாலு அங்குலக் கணக்குப்படி கழுத்தோரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வைத்திருந்தேன். புள்ளியில் விரலை வைத்தால் ஸ்வரம் இறங்கி ஒலித்தது. எல்லாப் புள்ளியிலும் அப்படியே. அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், அங்கேதான் என் புத்தி. ஆலை இரைச்சலில் காது கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காதை நம்பாமல் புள்ளியை நம்பினேன். பொங்கலன்று ஜோசப் வந்தான். புள்ளி தவறாமல் வாசித்தேன். அவன் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கேட்டான்.

"ஒடம்புக்கு ஏதும் முடியலியாடா? சுருதியே நிக்கல."

அவன் பெங்களூரு திரும்பிய பத்தாம் நாள் வேறு ஆள் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்து அளந்தேன். முப்பத்தைந்து. நேரே ஆசாரியை வீட்டுக்கு இழுத்துவந்து கத்தினேன். அவர் கிடாரைப் பார்த்தார். டீ கொண்டுவந்து வைத்த அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி. நாந்தான் வச்சேன். மனசு கேக்கல."

நாலு ஸ்குரூ. கழற்றி ஓர் அங்குலம் முன்னே தள்ளி மாட்ட அரை மணி நேரம் ஆகாது. ஆனால் இனி யாருக்காக என்ற வீம்பு. பிரிட்ஜைத் தொடவில்லை, வெள்ளைப் புள்ளிகளை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து, காதை மட்டும் நம்பி வாசிக்கப் பழகினேன். இரண்டே வருஷத்தில் நன்றாகவே வந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். "இப்ப நல்லாத்தானய்யா இருக்கு" என்பாள். வேலையில் நிரந்தரமானேன், கல்யாணம் ஆனது, ஃபோர்மேன் ஆனேன். லாக்கர் மட்டும் அதே லாக்கர். ஒவ்வொரு முறையும் அதைத் திறக்கும்போது சட்டைக்குள் மறுபடி வைத்துத் தைத்தமாதிரி இருக்கும். அது பழகவேயில்லை. ஆசாரியோடு அப்புறம் நான் சரியாகப் பேசவுமில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷமாகிறது. அம்மா போன ஆடியில் போனாள்.

பெரம்பலூரிலிருந்து வந்த அன்று புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிடாரை மடியில் வைத்தேன். இப்போதாவது முப்பத்து நாலுக்கு மாற்றிவிடுவோம் என்று அப்பாவின் ஸ்குரூடிரைவரை எடுத்து நாலையும் கழற்றினேன், தகட்டைத் தூக்கினேன். அடியில் இன்னொரு வரிசையாக நாலு துளைகள் இருந்தன. அளந்தேன். சரியாக முப்பத்து நாலு. ஆசாரி சொன்ன சொல் தவறாமல் நான் கேட்ட இடத்தில்தான் முதலில் மாட்டியிருக்கிறார். அதை யாரோ பிறகு கழற்றி, துளைகளை அடைத்து, ஓர் அங்குலம் தள்ளி மறுபடி முடுக்கியிருக்கிறார்கள். துளைகளை அடைத்திருந்தது தீக்குச்சியால். நாலு குச்சிக்கும் நுனி கருகியிருந்தது.

ஃபிட்டர் பெண்டாட்டிக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரியாதா? ஜாக்கெட் தைக்கும் டேப்பால் அளந்திருப்பாள். செய்யாத குற்றத்தை ஒரு மனிதர் டீ கிளாஸைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏம்மா இப்படிச் செஞ்ச என்று அடுப்படியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். என் மனைவி வெளியே போயிருந்தாள், உள்ளே யாருமில்லை. அம்மாவைப்போல் என்னைப் போகவிடாமல் பிடித்துவைக்க இந்த வீட்டில் இனி யாருமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எனக்கு அழுகை வந்தது.

பிரிட்ஜை முப்பத்தைந்திலேயே திரும்ப வைத்தேன். மூன்று ஸ்குரூ பிடித்தது, நாலாவது துளை தேய்ந்துபோய்ச் சும்மா சுற்றியது. ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகினால் போதும். அடுப்படிக்குப் போய்த் தேடினேன். பட்டனைத் திருகினால் பற்றிக்கொள்ளும் அடுப்பு வாங்கி ரொம்ப நாளாகிறது. பவுடர் டப்பா எப்போது போனதென்றே தெரியவில்லை. வீடு முழுக்கப் பார்த்துவிட்டேன், எரிந்த குச்சி ஒன்றுகூட இல்லை.